மைனஸ் வந்தால் உறையும் மீட்டர்: குறை எண்ணை அறிவியல் குறியீட்டில் எழுதவைத்த வேலை

மின்னோட்டம் ஒரே திசையில் ஓடும்வரை இந்த மீட்டரில் ஒரு குறையும் இல்லை. சின்ன சோலார் செல்லிலிருந்து ஒரு சூப்பர் கெப்பாசிட்டருக்குப் போகும் மின்னோட்டத்தை அளக்க யாரோ முன்பு செய்து வைத்த கருவி, கைமாறி என்னிடம் வந்தது. வெளிச்சம் இருக்கும்போது 3.91×10⁻⁵ ஆம்பியர் என்று அழகாகக் காட்டும். விளக்கை அணைத்தால் கெப்பாசிட்டரில் சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லுக்குள் திரும்பி ஓட ஆரம்பிக்கும், அதாவது அளவு மைனஸுக்குப் போகும், அந்த நொடியே திரை அப்படியே உறைந்துவிடும். ரீசெட் பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் உயிர் வரும், மறுபடி உறையும். வெளிச்சத்தைக் காட்டிவிட்டு ரீசெட் செய்தால்தான் ஓடும்.

திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. நிரலை ஓட்டும் சின்னப் பலகையாக ஒரு ஆர்டுயினோ ஊனோ, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும் ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் ஏடிசி, இரண்டு வரி எல்சிடி திரை, மின்னோட்டத்தை அளக்க அதன் வழியில் வைத்த 1 கிலோ ஓம் ஷன்ட் மின்தடை. ஏடிசியை அதன் மிக நுணுக்கமான வீச்சில், ±0.256 வோல்ட்டில், வைத்திருக்கிறார்கள். அந்த வீச்சில் ஒரு எண்ணிக்கை என்பது 7.8125 மைக்ரோ வோல்ட். 1 கிலோ ஓமால் வகுத்தால் 7.8125 நானோ ஆம்பியர். ஆக, ஏடிசி −1 என்று சொன்னால் ஓடுவது −7.8125×10⁻⁹ ஆம்பியர், −32768 என்று சொன்னால் −2.56×10⁻⁴ ஆம்பியர். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள எதையும் திரையில் எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதலில் வன்பொருள் மேல்தான் சந்தேகம். ஏடிஎஸ்1115 இரண்டு பின்களுக்கு இடையேயான வித்தியாசத்தை மைனஸிலும் அளக்கும், ஆனால் எந்தப் பின்னும் தரைக்குக் கீழே 0.3 வோல்ட்டைத் தாண்டி இறங்கக் கூடாது. செய்தவர் அதைக் கவனித்து ஷன்ட்டை மின்வழங்கியின் நடு மின்னழுத்தத்தில் தூக்கி நிறுத்தியிருக்கிறார், நல்ல வேலை. திரைக்கு எழுதும் பகுதியை மட்டும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, ஏடிசி தரும் எண்ணிக்கையை நேராகக் கணினியிலுள்ள சீரியல் மானிட்டருக்கு அனுப்பிப் பார்த்தேன். விளக்கை அணைத்ததும் −14, −60, −212 என்று ஒழுங்காக வந்துகொண்டே இருந்தது. அளப்பதில் கோளாறு இல்லை, அளந்ததை எழுதுவதில்தான் கோளாறு.

எழுதும் நிரல் பார்ப்பதற்கு எளிமையாக, கொஞ்சம் அழகாகக்கூட இருந்தது. எண் 10 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை 10ஆல் வகு, அடுக்கில் ஒன்று கூட்டு. எண் 1ஐவிடச் சிறிதாக இருக்கும்வரை 10ஆல் பெருக்கு, அடுக்கில் ஒன்று கழி. சுழியம் வந்தால் முன்கூட்டியே தனியாகப் பிடித்து 0 என்று எழுதிவிடு. மிகை எண்ணுக்கு இதில் குறையே இல்லை. 0.0045ஐக் கொடுத்தால் 0.045, 0.45, 4.5 என்று ஏறி நிற்கும், அடுக்கு −3.

இப்போது −0.0045ஐக் கொடுங்கள். −0.045, −0.45, −4.5. இங்கே நிற்க வேண்டும், ஆனால் −4.5 என்பது 1ஐவிடச் சிறியதுதானே? அதனால் மறுபடி பெருக்குகிறது. −45, −450, −4500... பெருக்கப் பெருக்க எண் 1ஐ விட்டு எதிர்ப்பக்கம் விலகிப் போகிறதே ஒழிய ஒரு நாளும் 1ஐத் தொடப்போவதில்லை. ஊனோவில் ஃப்ளோட் எண்ணின் (தசம எண்களை வைக்கும் வகை) உச்சம் சுமார் 3.4×10³⁸, எனவே 41ஆவது பெருக்கலில் எண் மைனஸ் முடிவிலி ஆகிவிடும், அதற்கப்புறம் முடிவிலியைப் பத்தால் பெருக்கினாலும் அதே முடிவிலி, அதுவும் 1ஐவிடச் சிறியது, ஆக சுற்றிலிருந்து வெளியே வர வழியே கிடையாது. திரை உறைந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். ஏடிசி, எல்சிடி, வயர் எதுவும் குற்றவாளி இல்லை.

அறிவியல் குறியீட்டின் விதியைப் பலரும் "முன் எண் 1க்கும் 10க்கும் இடையில் இருக்க வேண்டும்" என்று மனதில் வைத்திருப்பார்கள். மிகை எண்களோடு மட்டும் பழகியவரை அது போதும். முழு விதி, முன் எண்ணின் தனி மதிப்பு (குறியை விட்டுவிட்டுப் பார்க்கும் அளவு) 1 அல்லது அதற்கு மேல், 10க்குக் கீழ். தனி மதிப்பு என்பதை விட்டுவிட்டால் −4.5 என்ற முன் எண்ணுக்கு இடமே இல்லாமல் போகிறது. நிரலை எழுதியவர் விதியின் குட்டை வடிவத்தை அப்படியே நிரலாக்கிவிட்டார்.

அவருடைய நிரலைத் தூக்கிவிட்டு ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தலாமே என்றுதான் முதலில் பார்த்தேன். ஆர்டுயினோவின் சாதாரண பிரிண்ட் கட்டளைக்கு −0.0000045ஐக் கொடுத்தால் அது இரண்டு தசம இடத்தோடு −0.00 என்று எழுதும். மைனஸ் இருக்கிறது, எண் காணோம்! சி மொழியின் எஸ்பிரிண்ட்எஃப்பிடம் கேட்டால் ஊனோவில் வெறும் கேள்விக்குறி வரும், ஏனென்றால் இடத்தை மிச்சப்படுத்த ஃப்ளோட் எழுதும் பகுதியை வழக்கமான இணைப்பில் சேர்ப்பதில்லை. ஊனோவின் ஏவிஆர் சில்லுக்கான சி நூலகத்தில் டிடோஸ்டிரீ என்று ஒரு சார்பு இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது, அது சரியாக வேலை செய்கிறது: −7.812ஈ−09 என்று தருகிறது. (பத்தின் அடுக்கைக் குறிக்கும் அந்த ஆங்கில எழுத்தை இந்தப் பதிவு முழுக்க ஈ என்றே போடுகிறேன்.) கணினிக்கு அனுப்பும் வரிக்கு அதையே வைத்துக்கொண்டேன். திரையில் மட்டும் ஈ வேண்டாம், ×10 போட்டு அடுக்கை மேலே தூக்கி எழுத வேண்டும் என்று ஆசை, அதற்குத்தான் சொந்தமாக எழுத இறங்கினேன்.

அடிப்படை முடிவு ஒன்றே ஒன்று. அறிவியல் குறியீட்டில் எழுதிய எண்ணில் இரண்டு குறிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது. முன் எண்ணுக்கு முன்னால் நிற்கும் குறி, எண் சுழியத்துக்கு எந்தப் பக்கம் என்று சொல்கிறது. அடுக்கின் குறி, தனி மதிப்பு 1ஐவிடப் பெரியதா சிறியதா என்று சொல்கிறது. −4.5×10³ என்றால் −4500. 4.5×10⁻³ என்றால் 0.0045, இதில் குறை எண் எதுவும் இல்லை. −4.5×10⁻³ என்றால் −0.0045. பாடம் சொல்லிக்கொடுக்கும்போது மிக அதிகமாகக் குழம்பும் இடம் நடுவில் உள்ளதுதான். மேலே மைனஸைப் பார்த்ததும் எண்ணே மைனஸ் என்று நினைத்துவிடுவார்கள், மூன்றாவதிலோ இரண்டு மைனஸையும் பெருக்கி பிளஸ் ஆக்கிவிடுவார்கள். எனவே நிரல் செய்ய வேண்டியது: முன் குறியைக் கழற்றித் தனியாக வை, மிச்சமுள்ள தனி மதிப்பை மிகை எண்ணாக நினைத்து முழுக் கணக்கையும் முடி, கடைசியில் எழுதும்போது குறியைத் திரும்ப ஒட்டு. நடுவில் எங்கேயும் குறியைத் தொடாதே.

ஃப்ளோட் எண்ணே உள்ளுக்குள் இப்படித்தான் இருக்கிறது. 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி 32 பிட்டில் ஒரு பிட் குறிக்கு, 8 பிட் அடுக்குக்கு, 23 பிட் பின்னத்துக்கு. −0.15625ஐ எடுத்துக்கொண்டால் அது −1.25×2⁻³. குறி பிட் 1. அடுக்கு −3ஐ அப்படியே வைக்காமல் 127ஐக் கூட்டி 124 என்று வைப்பார்கள், அதனால் அடுக்குக்கென்று தனியாக மைனஸ் தேவைப்படுவதில்லை. இரண்டின் அடுக்கில் எழுதிய அறிவியல் குறியீடு என்றே இதைச் சொல்லலாம். குறியைக் கழற்றுவது என்றால் அந்த ஒரு பிட்டை அணைப்பது மட்டும்தான், மதிப்பில் ஒரு துளி மாறாது.

ஆனால் இதை ஏடிசி தரும் முழு எண்ணிலேயே செய்யலாம் என்று யாராவது நினைத்தால் (வேகமாக இருக்குமே என்று தோன்றும்) ஒரு குழி காத்திருக்கிறது. ஊனோவில் சாதாரண முழு எண் 16 பிட், அதன் எல்லை −32768 முதல் 32767 வரை. மைனஸ் பக்கம் ஒன்று கூடுதல். −32768இன் குறியை நீக்கினால் 32768 வர வேண்டும், அந்த எண்ணுக்கு 16 பிட்டில் இடமில்லை, நடைமுறையில் மறுபடி −32768 ஆகவே திரும்பி வந்து நிற்கும். அதாவது தனி மதிப்பு கேட்டு மைனஸ் கிடைக்கும், பழைய சுற்றில் போட்டால் மறுபடி உறையும், அதுவும் மின்னோட்டம் வீச்சைத் தாண்டிய நேரத்தில் மட்டும். வருடத்துக்கு ஒரு முறை வந்து ஆளைச் சுற்றவிடும் வகைக் கோளாறு இது. முதலில் ஃப்ளோட்டுக்கு மாற்று, 7.8125×10⁻⁹ஆல் பெருக்கு, அப்புறம் குறியைக் கழற்று என்று வரிசையை வைத்தேன்.

அடுத்து அடுக்கைக் கண்டுபிடிப்பது. சுற்று இல்லாமல் மடக்கையில் செய்வதுதான் பலர் சொல்லும் வழி: பத்தடிமான மடக்கையை எடு, முழு எண் பகுதியை வைத்துக்கொள். இங்கே "முழு எண் பகுதி" என்பதுதான் ஆபத்து. 7.8125×10⁻⁹இன் மடக்கை சுமார் −8.107. சி மொழியில் இதை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் தசமப் பகுதியை வெட்டி −8 என்று கொடுக்கும், ஏனென்றால் அது எப்போதும் சுழியத்தை நோக்கி வெட்டும். −8 போட்டால் திரையில் 0.78×10⁻⁸ வரும். மதிப்பு தப்பில்லை, வடிவம் தப்பு. நமக்கு வேண்டியது கீழ்நோக்கி இறங்கும் ஃப்ளோர், அது −9 தரும், அப்போது 7.81×10⁻⁹. பெரிய எண்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது, 4500இன் மடக்கை 3.65, வெட்டினாலும் 3, ஃப்ளோர் போட்டாலும் 3. மடக்கை எடுக்கும்போது குறி ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு தொல்லை, குறை எண்ணுக்கு மெய்யெண் மடக்கை கிடையாது, "எண் அல்ல" என்ற விடைதான் வரும்.

மடக்கையிலும் ஒரு நம்பிக்கைக் குறைவு உண்டு. பைத்தானில் 1000க்கு 10 அடிமான மடக்கையைப் பொதுச் சார்பில் கேட்டுப் பாருங்கள், 2.9999999999999996 என்று சொல்லும். 10க்கென்றே உள்ள தனிச் சார்பைக் கேட்டால் ஒழுங்காக 3 சொல்லும். பத்தின் சரியான அடுக்குகளில் இப்படி ஒரு மயிரிழை குறைந்தால் ஃப்ளோர் ஒரு படி கீழே இறங்கிவிடும். அதனால் நான் பழைய பெருக்கல் சுற்றையே வைத்துக்கொண்டேன், குறி இல்லாத எண்ணுக்கு அது நல்ல சுற்றுதான். அதிகபட்சம் ஒன்பது பெருக்கல், மூன்று இலக்கம்தான் காட்டப்போகிறோம், பிழை சேர்ந்தாலும் தெரியாது. ஆனாலும் சுற்றுக்கு 45 முறை என்று ஒரு மேல் எல்லை போட்டுவைத்தேன். எந்த எண் வந்தாலும் திரை உறையக் கூடாது என்பதுதானே வந்த புகாரே.

இந்த மீட்டரில் பத்தின் சரியான அடுக்குகள் அபூர்வமாக வரும் விருந்தாளிகள் இல்லை என்பது பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தபோது தெரிந்தது. 7.8125 என்பது 1000ஐ 128ஆல் வகுத்தால் வருவது. அப்படியானால் ஏடிசி −128 என்று சொல்லும்போது மின்னோட்டம் துல்லியமாக −1.00×10⁻⁶ ஆம்பியர், −1280க்கு −1.00×10⁻⁵, −12800க்கு −1.00×10⁻⁴. ஆனால் 10⁻⁶ஐ ஃப்ளோட்டில் துல்லியமாக வைக்க முடியாது. அதற்கு மிக அருகில் உள்ள 32 பிட் எண் 9.99999997×10⁻⁷, ஒரு இம்மி குறைவு. ஆக, நேர்மையாகக் கணக்கிட்டால் அடுக்கு −7, முன் எண் 9.99999997, இரண்டு தசமத்துக்கு முழுதாக்கினால் 10.00. திரையில் −10.00×10⁻⁷ என்று வந்து நிற்கும். இது முழுதாக்கும்போது மட்டும் தலைகாட்டும் பிழை. அடுக்கைக் கண்டுபிடித்த பிறகு முழுதாக்குகிறோம், முழுதாக்கிய பிறகு அடுக்கே மாறிவிடுகிறது.

தீர்வு எளிது. முன் எண்ணை 100ஆல் பெருக்கி அருகிலுள்ள முழு எண்ணாக்கு. அது 100இலிருந்து 999க்குள் இருக்க வேண்டும். 1000 வந்துவிட்டால் 100 என்று மாற்றிவிட்டு அடுக்கில் ஒன்று கூட்டு. −7இல் ஒன்று கூட்டினால் −6, −8 இல்லை. சின்ன விஷயம்தான், ஆனால் மைனஸ் அடுக்கில் "ஒன்று கூட்டு" என்று சொன்னால் கையால் கணக்குப் போடுகிறவர்கள் எண்ணைப் பெரிதாக்கி −8 என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் குறியைக் கழற்றிவிட்டுச் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு: பாதியில் நிற்கும் எண்களை முழுதாக்கும்போது சில சார்புகள் மேல்நோக்கியும் சில சுழியத்தை விட்டு விலகியும் போகும், அதனால் 2.5உம் −2.5உம் வெவ்வேறு அளவுக்கு முழுதாகலாம். குறி இல்லாத எண்ணை முழுதாக்கிப் பிறகு குறி ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் ஏறிய மின்னோட்டமும் இருட்டில் இறங்கிய மின்னோட்டமும் ஒரே அளவு என்றால் திரையிலும் அதே இலக்கங்கள் தெரிய வேண்டும், குறி மட்டும் மாற வேண்டும்.

சுழியத்துக்கு வருவோம். சுழியத்துக்கு அடுக்கு கிடையாது, எத்தனை முறை பத்தால் பெருக்கினாலும் அது 1 ஆகாது, பழைய நிரலில் அதைத் தனியாகப் பிடித்தது சரியே. கூடவே மைனஸ் சுழியம் என்று ஒன்று இருக்கிறது. குறி பிட் 1, மற்றதெல்லாம் 0. அது சுழியத்தைவிடச் சிறியதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும், ஆனால் பல மொழிகளின் ஈ வடிவத்தில் எழுதச் சொன்னால் −0.000000ஈ+00 என்று மைனஸோடு எழுதும். சுழிய எண்ணிக்கையை ஒரு குறை எண்ணால் பெருக்கினால் இது பிறந்துவிடும். திசையை மாற்றிக் காட்ட −1ஆல் பெருக்கும் வசதி ஒன்று இந்த மீட்டரில் இருக்கிறது, அங்கே வந்தது. குறி பிட்டைப் பார்க்காமல் "சுழியத்தைவிடச் சிறியதா" என்ற கேள்வியை வைத்தே மைனஸ் போடுவது என்று முடிவுசெய்தேன். அளவீட்டுக் கருவியில் −0.00 பார்க்கிறவர் கருவியைத்தான் சந்தேகப்படுவார்.

திரை வேலைதான் எனக்குப் பிடித்த பகுதி. எச்டி44780 வகை எல்சிடியில் மேலே தூக்கிய இலக்கங்கள் வரிசையாகக் கிடையாது, நாமே புள்ளி வைத்து வரைய வேண்டும், அப்படி வரைந்து வைக்க எட்டே எட்டு இடம்தான். நமக்கு வேண்டியதோ 0 முதல் 9 வரை பத்து இலக்கமும் ஒரு மேல் மைனஸும், மொத்தம் பதினொன்று. ஆனால் ஒரு நேரத்தில் திரையில் தெரிவது ஒரு மைனஸும் ஓரிரு இலக்கமும் மட்டுமே. அதனால் மூன்று இடத்தை மட்டும் ஒதுக்கி, அடுக்கு மாறும்போதெல்லாம் அந்த இடங்களில் வேண்டிய வடிவத்தை மாற்றி எழுதினேன். பதினொரு வடிவங்களும் நிரல் நினைவகத்தில் கிடக்கின்றன, தேவையானது மட்டும் திரைக்குப் போகிறது.

ஒரு எழுத்துக்கு 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். இலக்கங்களை மேல் ஐந்து வரிசையில், மூன்று புள்ளி அகலத்தில் அடக்கினேன். மேல் மைனஸ் என்பது மூன்றாவது வரிசையில் மூன்று புள்ளி, வேறொன்றும் இல்லை. திரையோடு வரும் சாதாரண மைனஸ் ஐந்து புள்ளி அகலத்தில் எழுத்தின் நடுவே ஓடுகிறது. முன் மைனஸ் நீளமாகத் தாழ்ந்தும், அடுக்கு மைனஸ் குட்டையாக மேலேறியும் இருப்பதால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தாலும் எது எது என்று புரிகிறது. மேல் மைனஸை முதலில் இரண்டு புள்ளியில் போட்டால் தூசி மாதிரி இருந்தது, மூன்றுதான் சரி.

முன் குறிக்கு எப்போதும் ஒரு கட்டத்தை ஒதுக்கிவிட்டேன். மிகை எண் என்றால் அங்கே பிளஸ் போட்டேன். வெற்றிடமாக விட்டாலும் பரவாயில்லை, ஆனால் கட்டத்தையே எடுத்துவிட்டால் குறி மாறும்போதெல்லாம் மொத்த எண்ணும் இடமும் வலமும் குதிக்கும். மின்னோட்டம் சுழியத்தை ஒட்டி ஊசலாடும்போது அது கண்ணுக்கு எரிச்சல். குறி 1, முன் எண் புள்ளியோடு 4, பெருக்கல் குறி 1, பத்து 2, அடுக்கு அதன் குறியோடு 3, ஒரு இடைவெளி, அலகு 1. மொத்தம் 13 கட்டம், ஒரு வரியில் உள்ள 16இல் தாராளமாக அடங்குகிறது.

சோதிக்க நான்கு மூலைகளும் வேண்டும், இரண்டு குறிகளுக்கும் தலா இரண்டு நிலை. உண்மையான இயற்பியல் எண்களையே எடுத்துக்கொண்டேன், ஞாபகம் வைத்துச் சரிபார்க்க வசதி. ஒளியின் வேகம் 2.99792458×10⁸, இரண்டும் மிகை. பிளாங்க் மாறிலி 6.62607015×10⁻³⁴, அடுக்கு மட்டும் குறை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை நிறையால் வகுத்தால் −1.7588×10¹¹, முன் எண் மட்டும் குறை. எலக்ட்ரானின் மின்னூட்டம் −1.602176634×10⁻¹⁹, இரண்டும் குறை. இந்த நான்கும் +3.00×10⁸, +6.63×10⁻³⁴, −1.76×10¹¹, −1.60×10⁻¹⁹ என்று வந்தன. கூடவே 9.996, −9.996, சுழியம், மைனஸ் சுழியம், −32768 எண்ணிக்கை. எல்லாம் கடந்தது. அடுக்கில் இரண்டு இலக்கத்துக்கு மேல் இடம் ஒதுக்கவில்லை. 32 பிட் ஃப்ளோட்டில் மூன்று இலக்க அடுக்கு வரவே வராது.

கால்குலேட்டரை வைத்துச் சரிபார்க்கிறவர்களுக்கு ஓரிரு வார்த்தை. −4.5×10⁻³ஐத் தட்ட 4.5க்கு முன்னால் குறி மைனஸ், அப்புறம் அடுக்குப் பொத்தான், அப்புறம் மறுபடி குறி மைனஸ், 3. அடுக்குப் பொத்தானிலேயே "×10" அடங்கியிருக்கிறது, தனியாகப் பெருக்கல், 10 என்று தட்டிவிட்டு அதையும் அழுத்தினால் விடை பத்து மடங்காகிவிடும். இருமடி எடுப்பதாக இருந்தால் அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். எக்செலில் =−2^2 என்று எழுதினால் 4 வரும், பைத்தானில் அதே கணக்குக்கு −4 வரும். யார் சரி என்று சண்டை போடுவதைவிட அடைப்புக்குறி மலிவு.

கணினிப் பக்கம் எதிர்பாராத ஒரு முடிச்சு விழுந்தது. மீட்டர் அனுப்பிய வரிகளை அப்படியே பைத்தானில் படித்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய பதிவுக் கோப்பு ஒன்று, யாரோ அறிக்கைக்காக அழகுபடுத்தி வைத்தது, முதல் குறை எண்ணிலேயே படிக்க மறுத்தது. கண்ணால் பார்த்தால் −3.20ஈ−06, எந்தத் தப்பும் தெரியவில்லை. உள்ளே பார்த்தால் விசைப்பலகையில் உள்ள சிறுகோட்டுக்குப் பதிலாக யூனிகோடின் உண்மையான மைனஸ் குறி, 2212 என்ற எண்ணுள்ளது, உட்கார்ந்திருந்தது. அச்சுக்கு அதுதான் சரியான குறி, நீளமும் உயரமும் பிளஸோடு ஒத்துப்போகும். பைத்தானின் ஃப்ளோட் சார்பு அதை ஏற்காது. வேடிக்கை என்னவென்றால் அதே சார்பு தமிழ் இலக்கங்களை மகிழ்ச்சியோடு ஏற்கும், ௪.௫ என்று கொடுத்தால் 4.5 என்று எடுத்துக்கொள்ளும்! மைனஸ் மட்டும் ஆகாது. வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் அச்சு எண்களுக்கு இயல்பாகவே இந்த நீள மைனஸைத்தான் போடுகிறது, எனவே வரைபடத்திலிருந்து எண்ணை நகலெடுப்பவர்களுக்கும் இது நேரும். படிப்பதற்கு முன்னால் 2212ஐச் சிறுகோடாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன்.

இப்படிப் படிக்காமல் விட்ட எண்கள் விரிதாளில் உரையாகத் தங்கிவிடும், அதை வரிசைப்படுத்தினால் இன்னொரு கூத்து. அடுக்கு பெரிதாக இருந்தால் எண் பெரிது என்ற பழக்கம் குறை எண்ணில் தலைகீழாகும். −2×10⁻³ஐவிட −2×10⁻⁵தான் பெரியது, சுழியத்துக்கு அதுதான் அருகில். மீட்டரில் குறைந்தபட்ச அளவைக் காட்டும் வசதியைச் சேர்த்தபோது எழுத்தாக மாற்றியதை ஒப்பிடாமல் ஃப்ளோட்டாகவே ஒப்பிட்டது இதனால்தான். சராசரியும் அப்படியே, −3.2×10⁻⁶ஐயும் 4.5×10⁻⁷ஐயும் கூட்ட வேண்டுமென்றால் முதலில் ஒரே அடுக்குக்கு வர வேண்டும், −3.2உம் 0.45உம் சேர்ந்து −2.75×10⁻⁶.

கடைசியாக ஒரு பொத்தான். மின்னணுவியலில் பழகியவர்களுக்கு 10⁻⁷ஐவிட 10⁻⁹ அல்லது 10⁻⁶ வசதி, நானோ, மைக்ரோ என்று உடனே படிக்கலாம். அடுக்கு மூன்றின் மடங்காக மட்டும் இருக்கும், முன் எண்ணின் தனி மதிப்பு 1இலிருந்து 1000 வரை போகலாம். அடுக்கை மூன்றால் வகுத்து மூன்றால் பெருக்கினால் முடிந்தது என்று தோன்றும். சி மொழியில் −7ஐ 3ஆல் வகுத்தால் −2, மூன்றால் பெருக்கினால் −6, முன் எண் 0.78 ஆகிவிடும், மடக்கையில் பார்த்த அதே சுழியத்தை நோக்கிய வெட்டு. பைத்தானின் முழு எண் வகுத்தல் −3 தரும், அதில் இந்தத் தொல்லை இல்லை. ஊனோவில் அடுக்கு குறையாக இருந்தால் வகுப்பதற்கு முன் 2ஐக் கழித்துவிடுகிறேன்: −7 என்றால் −9, மூன்றால் வகுத்தால் −3, அடுக்கு −9. −6 என்றால் −8, வகுத்தால் −2, அடுக்கு −6. பொத்தானை அழுத்தினால் இப்போது −7.81×10⁻⁷ இருக்கும் இடத்தில் −781×10⁻⁹ வருகிறது, மறுபடி அழுத்தினால் பழையபடி.